நீலகிரியின் உறைபனிக்காலம்

நீலகிரியில் பனிக்காலம் கார்த்திகை நடுவில் தொடங்கி மாசி வரை நீள்கிறது. அதற்கு முன்பே, ஐப்பசிக் கடைசியில், நீர்ப்பனி விழ ஆரம்பித்துவிடும். விடியும்போது புல்லெல்லாம் நனைந்து கிடக்கும், வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மேகம் விலகி, காற்றும் அடங்கிய இரவுகள் வரத் தொடங்கியதும் அதே நீர்ப்பனி உறைபனியாகிறது. மார்கழியும் தையும் அதன் உச்சம்.

இங்கே வானிலிருந்து வெண்பனி கொட்டுவதில்லை. செய்தித்தாள்களில் வரும் வெள்ளை மைதானப் படங்களைப் பார்த்து, இமயமலையைப் போல உதகையிலும் பனி பொழிகிறது என்று சமவெளியில் பலர் நம்புகிறார்கள். உதகை பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 பாகைக்குச் சற்று மேலே இருக்கும் வெப்பமண்டல ஊர். அதன் குளிருக்கு உயரம்தான் காரணம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அடிவாரத்து மேட்டுப்பாளையத்தைவிடப் பன்னிரண்டு டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. ஜனவரிப் பகலில் 20 டிகிரியை ஒட்டி வெயில் அடிக்கும். அதே நாளின் இரவில் வெப்பம் ஐந்து, ஆறு டிகிரிக்கு இறங்கும். தெளிந்த இரவுகளில் பள்ளமான இடங்களில் பூஜ்யத்துக்கும் கீழே போகும். ஒரே நாளுக்குள் இவ்வளவு ஏற்ற இறக்கம் இருப்பதுதான் வெப்பமண்டல மலைக் குளிரின் தனித்தன்மை. குளிர்நாடுகளில் மாதக்கணக்கில் நிலம் உறைந்தே கிடக்கும். நீலகிரியில் ஒவ்வோர் இரவும் குளிர்காலம், ஒவ்வொரு நண்பகலும் இளவேனில்.

உறைபனி தரையிலேயே உருவாகிறது. பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவு முழுவதும் வானத்தை நோக்கி வெளியேற்றுகிறது. மேகம் இருந்தால் அந்த வெப்பத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். வானம் துடைத்துவிட்டது போல இருந்தால் எதுவும் திரும்பாது. புல்லின் மேற்பரப்பு பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்ததும், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனிக்கட்டித் துகளாகப் படிகிறது. வானிலை நிலையத்து வெப்பமானி தரைக்கு மேலே, ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஒரு பெட்டிக்குள் இருப்பது. அது இரண்டு, மூன்று டிகிரி காட்டும்போதே கீழே புல் உறைந்திருக்கும். பூஜ்யத்தைத் தொடாத நாளிலும் உறைபனி விழுந்ததாகச் செய்தி வருவதற்குக் காரணம் இதுதான்.

குளிர்ந்த காற்று கனமானது. சரிவுகளில் வழிந்து இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். அதனால் நீலகிரியில் உயரம் கூடக்கூடக் குளிரும் கூடும் என்ற கணக்கு பனிக்கால இரவில் தலைகீழாகிறது. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவின் சிகரத்தைவிட, அதன் காலடியில் உள்ள உதகைக் குதிரைப் பந்தய மைதானத்தில் பல இரவுகளில் பனி கடுமையாக விழுகிறது. தலைகுந்தா, காந்தல், சாண்டிநல்லா, பைக்காரா, அவலாஞ்சி என்று ஆண்டுதோறும் பனிச் செய்தியில் அடிபடும் பெயர்கள் பெரும்பாலும் ஓடைக் கரைகள், சதுப்பு நிலங்கள், கிண்ணம்போல் குழிந்த புல்வெளிகள். ஐம்பது மீட்டர் மேலே சரிவில் நிற்கும் வீட்டுத் தோட்டத்தில் ரோஜா வாடாமல் இருக்கும். கீழே ஓடையோரத்து உருளைக்கிழங்குச் செடி கருகியிருக்கும். படுகர் சமூகத்தினரின் ஊர்களான ஹட்டிகள் பெரும்பாலும் குன்றுச் சரிவுகளில் வரிசை வீடுகளாக அமைந்திருப்பதைக் கவனித்தால், இந்த நிலத்தின் குளிர் எங்கே தங்கும் என்பதை அறிந்தவர்கள் தேர்ந்தெடுத்த இடங்களாகவே அவை தோன்றும்.

மாவட்டம் முழுவதற்கும் ஒரே பனிக்காலம் என்றும் சொல்ல முடியாது. குன்னூரும் கோத்தகிரியும் கிழக்கு விளிம்பில், வடகிழக்குப் பருவக்காற்றின் வழியில் இருக்கின்றன. அங்கே டிசம்பரிலும் மழையும் மூடுபனியும் தொடரும், உறைபனி குறைவு. கிழக்குச் சரிவில் மண்சரிவுக்கும் இதுவே காலம். 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் குன்னூர், உதகை, கோத்தகிரிப் பகுதிகளில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலை ரயில் ஒவ்வோர் ஆண்டும் இந்த மாதங்களில்தான் பாறை விழுந்து அடிக்கடி நிற்கிறது. மேற்கே கூடலூர் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பதால் காப்பியும் மிளகும் விளையும் இடம், உறைபனி அங்கே மிக அரிது. உறைபனி என்பது பெரும்பாலும் உதகை, குந்தா வட்டங்களின் மேட்டுநிலத்துக்கே உரியது.

அந்த மேட்டுநிலத்தின் இயற்கை உருவத்துக்கும் உறைபனிக்கும் உள்ள தொடர்பை நீலகிரியைப் பற்றிய எழுத்துகள் போதிய அளவு பேசவில்லை. மனிதர்கள் மாற்றாமல் விட்ட இடங்களில், குறிப்பாக முக்குருத்தி தேசியப் பூங்காவில், நிலம் இரண்டே வகையாகப் பிரிந்திருக்கும். மலைமடிப்புகளிலும் நீரோடைகளை ஒட்டியும் குட்டையான, அடர்ந்த சோலைக்காடு. மற்ற இடமெல்லாம் புல்வெளி. இரண்டுக்கும் நடுவே இடைநிலை என்று எதுவும் இல்லை. கத்தியால் வெட்டியது போலச் சோலை முடியும், அடுத்த அடியில் புல் தொடங்கும். மழையும் மண்ணும் ஒன்றாக இருக்கும்போது மரங்கள் ஏன் புல்வெளிக்குள் நுழையவில்லை என்ற கேள்வி நெடுங்காலமாக இருந்தது. மேய்ச்சலுக்காகவும் வேளாண்மைக்காகவும் மனிதர்கள் காட்டை எரித்து உண்டாக்கியதே புல்வெளி என்று ஒரு தரப்பு சொல்லிவந்தது. 1993-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் அவருடன் பணிபுரிந்தோரும் நீலகிரிச் சதுப்புகளின் மக்குக்கரி மண்ணை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு அந்த எண்ணத்தை ஆட்டிவிட்டது. அந்த மண்ணில் தங்கியிருந்த கரிமத்தின் வகையை வைத்துப் பார்த்ததில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, உலகம் பனியுகத்தின் உச்சத்தில் இருந்தபோது, இங்கே புல்வெளி பரந்திருந்தது தெரிந்தது. மழை மிகுந்தபோது சோலை பெருகியது, வறண்டபோது புல் பெருகியது. கோடரிக்கும் கால்நடைக்கும் முந்தையது இந்தப் புல்.

சோலைக்கும் புல்லுக்கும் இடையிலான இந்த எல்லையைக் காப்பதில் உறைபனிக்குப் பெரும் பங்கு உண்டு. சோலையின் கூரைக்குக் கீழே இரவு வெப்பம் அவ்வளவாக இறங்காது. இலைக்கூரை நிலத்தின் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே முளைக்கும் மரக்கன்று பிழைக்கும். அதே மரத்தின் விதை பறவை எச்சத்தோடு புல்வெளியில் விழுந்து முளைத்தால், முதல் பனிக்காலத்தின் சில இரவுகள் அதைக் கருக்கிவிடும். புல்லோ மேல்தாள் காய்ந்தாலும் தரைக்கடியில் உயிரோடிருந்து கோடை மழையில் மீண்டும் துளிர்க்கும். விதிவிலக்காகப் புல்வெளிக்குள் தனித்து நிற்கத் துணிந்த உள்ளூர் மரம் காட்டுப்பூவரசு. ரோடோடென்ட்ரான் இனத்தின் இந்த நீலகிரிக் கிளை, தடித்த பட்டையும் தோல் போன்ற இலையும் கொண்டது. பனியில் புல் பழுப்பேறிக் கிடக்கும் அதே நாட்களில் செக்கச்செவேலென்று பூக்கும். அந்த மேட்டுநிலத்தில் பனிக்காலத்தின் மிக அழகான காட்சி இதுவே. அதைப் பார்க்க எந்தப் பூங்காவுக்கும் போக வேண்டியதில்லை.

இந்தப் புல்வெளியில் வாழும், தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு குட்டி ஈனுவது பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில். பருவமழையின் இடைவிடாத ஈரமும் காற்றும் ஓய்ந்து, பகல் வெயில் கிடைக்கும் காலம் அது. கோடை மழையில் புதுப்புல் வரும்போது குட்டி மேயத் தொடங்கியிருக்கும். இந்த மாதங்களில் ஆள் நடமாட்டம் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துவிடக் கூடும் என்பதால், இதே இனம் வாழும் கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்கா பிப்ரவரி, மார்ச்சில் பார்வையாளர்களுக்கு மூடப்படுகிறது. 2024-இல் எடுத்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. சோலைக்குள் பனிக்காலத்தில் விருந்தாளிப் பறவைகள் வந்திருக்கும். காஷ்மீர் ஈப்பிடிப்பானும் நீலக் குருவியும் காட்டு உள்ளானும் இமயத்தின் பனியிலிருந்து தப்பி வந்து, நீலகிரியின் பனியில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. வடக்கிலிருந்து வருபவற்றுக்கு இது இதமான ஊர்.

இந்த மேட்டுநிலத்தின் பழங்குடிகளான தோடர்களின் வாழ்க்கை முழுவதும் எருமையைச் சுற்றியது, எருமையின் வாழ்க்கை புல்லைச் சுற்றியது. பனியில் புல் காயும்போது பால் வற்றும். அதனால் பழைய நாட்களில் வறண்ட மாதங்களில் மந்தையோடு மேற்கே, ஈரம் தங்கியிருக்கும் குந்தா மலைப்பக்கத்து மந்துகளுக்கு, அதாவது தங்கள் குடியிருப்புகளுக்கு, பெயர்ந்து செல்வது வழக்கமாக இருந்தது. மானிடவியலாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் தோடர்களைப் பற்றி 1906-இல் வெளியிட்ட நூலில் இந்த இடப்பெயர்ச்சியும் பதிவாகியிருக்கிறது. நீர்த்தேக்கங்களும் மரத்தோட்டங்களும் வந்தபின் அந்த வழித்தடங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. அரை வட்டமாக வளைந்த கூரை தரை வரை இறங்கும் தோடர் குடில், குளிருக்கு மனிதர் கண்ட சிறந்த விடைகளில் ஒன்று. மூங்கிலும் பிரம்பும் வளைத்துக் கட்டி, சதுப்பில் வளரும் புல்லை அடர்த்தியாக வேய்ந்திருப்பார்கள். தவழ்ந்துதான் நுழைய முடியும் என்ற அளவுக்கு வாசல் சிறியது. உள்ளே மூட்டிய அடுப்பின் சூடு வெளியேற வழி குறைவு. கருப்பும் சிவப்புமாகப் பூவேலை செய்த பூத்குளி என்னும் கனமான போர்வை இந்தக் குளிருக்கென்றே பிறந்தது. தோடர் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பனிக்காலம் இந்த மலையில் திருவிழாக் காலமும்கூட. வயலில் வேலை குறைந்து, மழை நின்று, பாதைகள் உலர்ந்திருக்கும். தோடர்கள் தலைமை மந்தான முத்தநாட்டில் கூடி மொற்பர்த் பண்டிகை கொண்டாடுகிறார்கள். கூம்புக் கூரை கொண்ட மூன்போ கோயிலில் ஆண்கள் வழிபட்டு, வட்டமாக நின்று ஆடுவார்கள், இளைஞர்கள் உருண்டைக்கல் தூக்குவார்கள். மற்றொரு பழங்குடியினரான கோத்தர்கள் தங்கள் ஊர்களான கோக்கால்களில் இசைக்கருவிகளோடு தங்கள் தெய்வம் கம்பட்டராயருக்கு விழா எடுப்பதும் இந்தக் காலத்தில்தான். படுகர்களின் பெரிய விழா ஹெத்தை அம்மன் பண்டிகை. மார்கழிக் கடைசியை ஒட்டிய நாட்களில் கோத்தகிரி அருகே பேரகணியிலும் வேறு பல ஹட்டிகளிலும் நடக்கும். பக்தர்கள் விரதமிருந்து, வெள்ளை உடுத்தி, காலில் செருப்பில்லாமல் ஹட்டி ஹட்டியாக நடந்து வருவார்கள். உறைந்த புல்லில் வெறுங்காலோடு நடப்பது எத்தகைய நேர்ச்சை என்பதை, அதே அதிகாலையில் உல்லன் சாக்ஸோடு நிற்பவருக்குச் சொல்லத் தேவையில்லை.

உழவருக்கு இந்த மாதங்கள் கவலை தருபவை. சாமையும் ராகியும் கோதுமையும் விளைந்த பழைய நிலத்தில் 19-ஆம் நூற்றாண்டில் உருளைக்கிழங்கு வந்தது, பின்னர் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பட்டாணி, பூண்டு. இவற்றுக்கு ஏற்ற ஈரமும் வண்டல் மண்ணும் கிடைப்பது பள்ளத்தாக்கின் அடியில் உள்ள பாலாடாக்களில். கேத்தி பாலாடா, முத்தொரை பாலாடா என்று ஊர்ப்பெயரிலேயே அது இருக்கிறது. உறைபனி வந்து படுப்பதும் அதே இடத்தில்தான். மண்ணுக்குள் விளையும் கேரட் பனியைத் தாங்கும், குளிரில் இனிப்பும் கூடும். உருளைக்கிழங்கின் தழையும் பீன்ஸும் தாங்கா. செடியின் உயிரணுக்களுக்கு இடையே உள்ள நீர் உறையும்போது, அணுக்களுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுத்துவிடுகிறது. விடிந்து வெயில் சுள்ளென்று பட்டதும் பனிக்கட்டி வேகமாக உருக, சிதைந்த இலை சுருண்டு, நண்பகலுக்குள் வெந்தது போலக் கருத்துவிடும். இதற்குத் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட மருந்து தண்ணீர். சூரியன் எழுவதற்கு முன் ஸ்பிரிங்ளரைத் திருப்பிவிட்டுத் தழையின் மேல் நீர் தெளிக்கிறார்கள். ஓடும் நீர் இலையில் படிந்த பனியைக் கரைத்து, வெயிலின் முதல் தாக்குதலைத் தணிக்கிறது. இந்த வேலைக்கு நாலு, நாலரை மணிக்கு இருட்டில் எழுந்து, ஓடையில் மோட்டாரை ஓட்ட வேண்டும். கேரட்டைப் பிடுங்கிக் கழுவி மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றும் கூலித் தொழிலாளரின் கைகள் அந்நேரத்தில் தாங்கும் குளிருக்குச் சந்தை விலையில் தனி மதிப்பு எதுவும் இல்லை. இருக்க வேண்டும்.

தேயிலையின் கதை வேறு. அது பனியை விரும்பாத செடி. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயர் தேயிலை பயிரிட்டபோது பெரும்பாலும் சரிவுகளிலேயே நட்டார்கள். 20-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சிறு விவசாயிகள் காய்கறி நிலத்தையும் புல் நிலத்தையும் தேயிலையாக மாற்றியபோது பள்ளங்களும் தேயிலையாயின. ஒவ்வொரு கடும்பனியிலும் முதலில் கருகுபவை அவை. உழவர்கள் சுற்றுப்புறத்துப் புதர்ச்செடிகளையும் பெரணியையும் வெட்டி வந்து, செடிக்கு மேல் பரப்பி மறைக்கிறார்கள். தழைக்கூரை சோலைக்கூரையின் வேலையைச் செய்கிறது. இளஞ்செடிகளுக்கும் கவாத்து செய்த செடிகளுக்கும் இது மிகவும் அவசியம். வரிசைக்கு இடையே நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்களும் ஓரளவு காக்கின்றன. கருகிய செடி மீண்டும் தழைத்துப் பறிப்புக்கு வர மாதங்கள் ஆகும். அதுவரை சிறு விவசாயிக்கு வருமானமில்லை, பறிப்பவருக்கு வேலை குறைவு. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழருக்காக 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம், இன்று டேன்டீ நிறுவனம். அதன் தோட்டங்களில் லயன் வீடுகளில் வாழ்வோருக்கும் பனிக்காலம் மெலிந்த காலமே.

அதே குளிர்தான் நீலகிரித் தேயிலைக்கு அதன் சிறந்த மணத்தையும் தருகிறது. கருகாத அளவுக்குக் குளிர்ந்த இரவுகளில் துளிர் மெதுவாக வளரும். மெதுவாக வளர்ந்த கொழுந்தில் நறுமணப் பொருள்கள் செறிந்திருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பறித்து, இலையைச் சுருட்டிப் பதப்படுத்தும் ஆர்த்தடாக்ஸ் முறையில் தயாரிக்கும் தேயிலை, ‘ஃப்ராஸ்ட் டீ’ என்ற பெயரில் வெளிநாட்டு ரசிகர்களிடம் நல்ல விலைக்குப் போகிறது. நீலகிரியில் பெரும்பகுதி தேயிலை தூளாக அரைபடும் சி.டி.சி. வகையாகவே விற்கப்படுவதால், இந்த மணத்தைத் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் பெரும்பாலானவை அறிந்ததே இல்லை. இது பெரிய இழப்பு.

ஊருக்குள் பனிக்காலம் என்பது குல்லா, மப்ளர், ஸ்வெட்டர், தெருமுனையில் சுள்ளி மூட்டி நிற்கும் ஆட்டோ ஓட்டுநர்கள், காலை ஒன்பது மணிவரை கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டும் கார்க்காரர்கள். உதகையில் திபெத்தியர்கள் நடத்தும் கம்பளி உடைச் சந்தையில் கூட்டம் நிற்கும். வீடுகளில் ராகிக் களியும், அவரைப் பருப்புக் குழம்பும், வெல்லம் போட்ட காப்பியும் இருக்கும். தண்ணீர்க் குழாய்கள் விடியலில் அடைத்துக்கொள்ளும். முதியவர்களுக்கும் ஆஸ்துமாக்காரர்களுக்கும் கடினமான மாதங்கள். எல்லாவற்றையும்விட ஆபத்தானது, மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்குவது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். அறையில் கரிச்சட்டி கேட்கும் சுற்றுலாப் பயணிகளும், தோட்டத்துக் கொட்டகையில் தங்கும் வெளியூர்த் தொழிலாளரும் இதை அறிந்திருக்க வேண்டும். படுக்கும் முன் அடுப்பை வெளியே வைத்துவிடுவது ஒன்றே வழி.

பனியில் காய்ந்த புல் பிப்ரவரி முதல் நெருப்புக்குத் தீனியாகிறது. அதனால் வனத்துறை ஜனவரியிலேயே தீத்தடுப்புக் கோடுகளை வெட்டத் தொடங்குகிறது. தோடர்கள் முன்பு பனி முடியும் தறுவாயில் சிறு சிறு பகுதிகளாகப் புல்லை எரித்துப் புதுத்துளிரை வரவழைத்தார்கள். அந்த அளவான தீ நின்றுபோய், காய்ந்த புல் குவிந்து, பெருந்தீயாக எரியும் ஆண்டுகள் இப்போது வருகின்றன.

புல்வெளிக்கு நெருப்பைவிடப் பெரிய கேடு மரம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டல் மரமும் யூகலிப்டஸும் 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காக அறிமுகமாயின. விடுதலைக்குப் பின், புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைத்துவிட்டு, பரந்த அளவில் அரசே இவற்றை நட்டது. சிறுமுகையில் இயங்கிய விஸ்கோஸ் ஆலைக்கு இங்கிருந்தே மரம் போனது. ஆலை மூடிப் பல ஆண்டுகள் ஆயின, வாட்டல் மட்டும் பரவிக்கொண்டே இருக்கிறது. காரணம் உறைபனி அதைக் கொல்வதில்லை. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதி செய்தது. சோலைமரக் கன்றுகளைக் கருக்கும் அதே பனியில் வாட்டல் கன்றுகள் பிழைத்து நிற்கின்றன. இரவுகள் வெதுவெதுப்பாகும் இக்காலத்தில் பனி இன்னும் குறைந்தால், சோலைக்கும் புல்வெளிக்கும் இடையிலான எல்லை அழிந்துவிடக்கூடும். அந்தப் புல்லும் அதன் கீழுள்ள சதுப்பும் பருவமழை நீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்து, மழையில்லாத பனிக்காலத்திலும் ஓடைகளை ஓடவைப்பவை. பவானியும் மாயாறும், பைக்காரா, குந்தா மின்நிலையங்களும் அந்த ஓடைகளை நம்பியிருக்கின்றன.

தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் களைத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. வாட்டலை வெட்டி உள்ளூர்ப் புல்லை நடும் பணி சில இடங்களில் நடக்கிறது. அது வேகம் பெற வேண்டும். நீலகிரியில் மரம் நட விரும்பும் அமைப்புகளும் பள்ளிகளும் சோலையின் ஓரத்திலோ தேயிலைத் தோட்டத்திலோ உள்ளூர் மரங்களை நடட்டும். புல்வெளியில் மரம் நட வேண்டாம். பனி பார்க்கப் போகிறவர்கள் உறைந்த புல்லின் மேல் வண்டியை ஏற்றாமல், சாலையோரத்தில் நின்று பார்த்தால் போதும்.